இருளில் தெரிவது எது?

இடுப்பில் மறைத்துச் செல்லும் சிறிய கைத்துப்பாக்கிகளுக்கு 'இரவுக் குறிகாட்டி' இன்றியமையாதது என அமெரிக்க ஆயுத வணிகர்கள் ஓயாது வலியுறுத்துகின்றனர். 2018இல் அறிமுகமான சிக் சவர் பி365 அதனுடனேயே விற்பனைக்கு வந்தது. வீட்டுக்கு வெளியே துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பு உரிமை என 2022இல் புரூயென் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், இவ்வணிகப் பேச்சைச் சோதித்துப் பார்க்கும் தேவை கூடியிருக்கிறது.

'இருளிலும் காணலாம்' என்கிறார்கள். எதைக் காணலாம்? நுண்குழாய்களில் அடைத்த டிரிட்டியம் வாயுவால் ஒளிர்பவை குறிகாட்டியின் புள்ளிகள் மட்டுமே. எதிரே நிற்பவன் திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்பதை அவை சொல்லா. அதைச் சொல்ல மின்சூள் வேண்டும். அதுவும் துப்பாக்கியில் பூட்டியதன்று, மற்றக் கையில் ஏந்தியது. துப்பாக்கியில் பூட்டிய விளக்கால் ஒருவரைப் பார்ப்பதென்றால், அவர்மீது துப்பாக்கியையே நீட்டவேண்டும்.

ஆள் தெரிந்தும் கருநிறக் குறி தெரியாத அந்திக் கருக்கலில் இவை உதவும், மறுப்பதற்கில்லை. வாங்குவோர் முன்குறி மேலோங்கி ஒளிர்வதைத் தேர்க. மூன்று புள்ளிகளும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் முன்னெது, பின்னெது எனக் கண் தடுமாறும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், ஆகவே தயாரிப்பு ஆண்டையும் பார்க்க.

எனினும் முதற்செலவு மின்சூளுக்கே ஆகட்டும். யாரென்று அறியாமல் துல்லியமாகச் சுடுவது திறமையன்று, குற்றம்.