பேசாதே என்றவர்களே பேசச் சொல்லும் நாள்

வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் யாருடைய பெயருக்கு வந்தாலும், நமது வீடுகளில் அது முழுக் குடும்பத்துக்கும் வந்த கடிதமாகிவிடுகிறது. தபால்காரர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரிந்துவிடும். அன்று மாலையே கத்தாரிலிருந்து மாமா அழைப்பார். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த முறை கிடைக்கும்தானே?" கிடைக்கும் என்றால் பெருமையடிக்கிறாள் என்பார்கள். தெரியாது என்றால் நம்பிக்கை இல்லாதவள் என்பார்கள். "துஆச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போகிறவளின் நெஞ்சில் அன்றிரவே ஒரு கல் ஏறிவிடுகிறது.

இந்த மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் போகிறவளிடமே "பயப்படாதே, தைரியமாக இரு" என்று சொல்கிறார்கள். அந்தக் கல்லைத் தூக்கி வைத்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதிலும் பெண்பிள்ளைகளின் விடயத்தில் அந்தக் கல் கடிதம் வந்த நாளில் ஏறியதல்ல, பல வருடங்களாகச் சிறிது சிறிதாக ஏறியது என்பதே என் அபிப்பிராயம்.

என் சாச்சியின் மகள் எனக்கு ராத்தா முறை. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நீண்ட காலம் காத்திருந்த பிறகு ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டார். கடிதம் வந்ததிலிருந்து அவர் படித்ததைப் பார்த்து நாங்கள் வியந்தோம். மாகாணங்கள், மாவட்டங்கள், அமைச்சர்களின் பெயர்கள், கல்விச் சீர்திருத்தங்கள் என்று ஒரு கொப்பி முழுவதும் எழுதி மனனம் செய்தார். சாச்சி நோன்பு பிடித்தார். வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாச்சா, "இதுவும் சரிவரல்லண்டா..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போவார். முடிக்காத அந்த வசனம் முடித்த வசனத்தை விடப் பாரமானது.

திருகோணமலைக்குப் போவதற்கு நடுஇரவில் எழும்பி பஸ் ஏறினார்கள். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். முதலாவதாகக் கேட்டது மாகாணமும் இல்லை, அமைச்சரும் இல்லை. "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்பது மட்டும்தான். ராத்தா தன் பெயரையும் ஊரையும் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எனக்கு எல்லாம் தெரியும். வாய்தான் வரல்ல."

வாய் எப்படி வரும்? நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே "பொம்புளப் புள்ள சத்தம் போடாத" என்ற சொல் ஆரம்பிக்கிறது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் உள்ளே போக வேண்டும். கடையில் விலை கேட்பது தம்பி. வங்கியில் படிவம் நிரப்பும்போது பேசுவது வாப்பா. வைத்தியரிடம் போனால் எனக்கு எங்கே வலிக்கிறது என்பதைக்கூட உம்மாதான் சொல்வார். வகுப்பிலும் ஆசிரியை கேள்வி கேட்டால் நாற்பது பேரும் ஒரே குரலில் விடை சொல்கிறோம். அந்தச் சத்தத்துக்குள் யார் வாய் திறந்தார், யார் திறக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. இப்படி இருபத்தைந்து வருடங்கள் வளர்த்துவிட்டு, ஒரு காலையில் முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் உட்காரவைத்து, உன்னைப் பற்றிச் சொல் என்கிறோம். சொல்ல முடியாமல் போனால் அவளுக்குத் தன்னம்பிக்கை இல்லையாம்!

இதை எழுதும்போது, வெட்கம் ஈமானின் ஒரு பகுதியல்லவா என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வெட்கம் வேறு, ஊமையாக இருப்பது வேறு. தன் கணவரைப் பற்றிய முறைப்பாட்டை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து தர்க்கித்த கவ்லா (ரழி) அவர்களை யாரும் வெட்கமற்றவர் என்று சொல்லவில்லை. அவர் பேசியதைத் தொட்டே ஸூரா அல்முஜாதலா தொடங்குகிறது.

இனி உடம்பின் விடயத்துக்கு வருவோம். நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது, நாக்கு உலர்வது எல்லாம் அதிரினலின் செய்யும் வேலை என்று உயிரியல் படிக்கும் தோழியர் சொல்வார்கள். ஓட்டப் போட்டியில் விசிலுக்காகக் காத்திருக்கும்போதும் இதேதான் நடக்கிறது. அங்கே அதைப் பயம் என்று சொல்வதில்லை, உற்சாகம் என்கிறோம். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையிலிருந்து வளர்ந்த கருத்து ஒன்று உளவியலில் பிரபலமானது: பதற்றம் அறவே இல்லாவிட்டாலும் வேலை நன்றாக நடக்காது, அளவுக்கு மிஞ்சினாலும் நடக்காது. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. பலர் முன்னிலையில் பேசுவதற்கு முன்னர் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை விட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். ஆகவே படபடப்பை அடக்கச் சொல்லி அவளை வற்புறுத்துவது வீண் வேலை. அதற்கு வேறு பெயர் வைக்கச் சொல்லலாம்.

இன்னொன்று, எதற்குப் பயப்படுகிறோம் என்றே தெரியாமல் பயப்படுவது. அரசாங்க வேலைகளுக்கான வர்த்தமானி அறிவித்தலைக் கடைசி வரை வாசித்தால், பொது நேர்முகப் பரீட்சை என்றும் கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றும் இரு வகை இருப்பது தெரியும். முதலாவதில் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை. தகைமைகளும் சான்றிதழ்களும் சரியா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் குறிப்பிட்ட தலைப்புகளின் கீழ் புள்ளிகள் உண்டு. தனக்கு எது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து நடுங்குகிறவர்கள் பலர். மூலப்பிரதிகளையும் உறுதிப்படுத்திய நிழற்பிரதிகளையும் கடிதம் வந்த அன்றே ஒரு கோவையில் போட்டுவிட்டால், முந்திய இரவு பிறப்புச் சான்றிதழைத் தேடி முழு வீடும் அலுமாரியைக் கொட்டும் அந்தக் காட்சியாவது மிஞ்சும். (எங்கள் குடும்பத்தில் அது ஒரு முறை குர்ஆன் உறைக்குள்ளிருந்து கிடைத்தது.)

ராத்தாவுக்கு அடுத்த அழைப்பு வேறொரு வேலைக்கு வந்தபோது கொப்பியை மூடிவைக்கச் சொன்னோம். அஸருக்குப் பிறகு விறாந்தையில் மூன்று கதிரை போட்டு நானும் என் தங்கையும் சாச்சாவும் உட்கார்ந்தோம். சாச்சாவை உட்காரவைக்கத்தான் கஷ்டப்பட்டோம். ராத்தா வெளியே நின்று ஸலாம் சொல்லி உள்ளே வர வேண்டும். முதல் நாள் சிரிப்பிலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் தங்கை, ஆறாம் ஆண்டுப் பிள்ளை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "ஏன் உங்களுக்கு இந்த வேலையத் தரணும்?" என்று கேட்டாள். ராத்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்தாம் நாள் அதே கேள்விக்கு நிமிர்ந்திருந்து இரண்டு நிமிடம் பேசினார். தன் மகள் அவ்வளவு பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சாச்சா சொன்னார்.

பிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி கேட்ட துஆ நம்மில் அநேகருக்கு மனனம். பரீட்சை மண்டப வாசலில் அதை ஓதுகிறோம். அதே நேரத்தில் அவர்கள் தமது சகோதரர் ஹாரூனையும் துணைக்குக் கேட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். நமது பிள்ளைகள் துஆவோடு மட்டும் அனுப்பப்படுகிறார்கள். ஹாரூனாக இருக்க வேண்டிய வீட்டார் பிர்அவ்னாக நின்று விசாரிக்கிறார்கள்.

பெற்றோர் பக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் படிக்கவைத்த வாப்பாவுக்கு, அந்தப் படிப்பு ஒரு சம்பளமாகத் திரும்பி வராதா என்ற ஏக்கம் இருக்கத்தான் செய்யும். வேலைகளும் குறைவு. சிபாரிசு இருந்தால்தான் கிடைக்கும் என்று சொல்வோரும் உண்டு. அப்படியே இருந்தாலும், வாய் திறக்காத பிள்ளைக்குச் சிபாரிசு இல்லாத இடத்திலும் கிடைக்காதே.

எனவே உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் கேட்பது கொஞ்சம்தான். நேர்முகப் பரீட்சைத் திகதியை ஊருக்குச் சொல்லாதீர்கள். திரும்பி வந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று வாசலில் நிற்காமல் "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேளுங்கள், மீதியை அவளே சொல்வாள். அதற்கெல்லாம் முன்னர், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது எங்கே வலிக்கிறது என்பதை அவளையே சொல்ல விடுங்கள்.

நமது கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காலைக் கூட்டத்தில் பேசுவதற்கும் விழாக்களில் வரவேற்புரை சொல்வதற்கும் ஒவ்வொரு வருடமும் அந்த மூன்று, நான்கு பேர்தான் தெரிவு செய்யப்படுகிறார்கள். அவர்கள் நன்றாகப் பேசுவார்கள், சந்தேகமே இல்லை. அவர்களுக்குப் பழக்கம் இனித் தேவையில்லை. தேவைப்படுகிறவர்கள் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த தவணையிலிருந்து வரவு இடாப்பில் உள்ள ஒழுங்கில் ஒரு நாளைக்கு ஒருவராக, இரண்டு நிமிடம் பேசக் கூப்பிடுங்கள். என் பெயர் இருபத்தாறாவது.