கும்பகோணத்துப் பள்ளிக்கூடங்கள்

தில்லியில் கும்பகோணம் என்றால் பலருக்கும் பித்தளை டபராவில் வரும் டிகிரி காபிதான். அந்த ஊர் ஒரு காலத்தில் வேறு டிகிரிக்குப் பேர் போனது. காவிரிக் கரையில் 1854-ல் பள்ளியாகத் தொடங்கி, 1867-ல் அந்தஸ்து உயர்ந்த அரசுக் கல்லூரியை 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்றார்கள்.

தலைநகருக்கு வந்தவர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். கும்பகோணத்தில் படித்த வலங்கைமான் பையன் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1916-ல் வைஸ்ராயின் சட்டசபை உறுப்பினரானார். அதற்குமுன் அவர் திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமை ஆசிரியர். கும்பகோணம் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமன், பத்தாண்டுகள் பள்ளி வாத்தியாராக இருந்துவிட்டு வானொலிக்குப் போய், கல்வி ஒலிபரப்புக்காக தில்லி வந்து சேர்ந்தார். ஊரில் யானைக்கால் நோயை ஒழிக்கக் கொசுவோடு மல்லுக்கட்டிய டாக்டர் சாம்பசிவத்தின் மகன் எம்.எஸ். சுவாமிநாதன், 1966 முதல் 1972 வரை பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். 2023-ல் மறைந்த அவருக்கு 2024-ல் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

தில்லித் தமிழர் கூட்டங்களில் இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, 'எல்லாம் காவிரித் தண்ணீர்' என்று முடிப்பார்கள். தண்ணீருக்கு இத்தனை மகிமை உண்டென்று நான் நம்பவில்லை. அந்தக் கால பெஞ்சுகளில் உட்கார முடிந்தவர்கள் பெரும்பாலும் அக்கிரகாரத்துப் பையன்களே, பெண்கள் அபூர்வம். தவிர, ஊர் பெருமைப்படும் ராமானுஜனை அந்த ஊர்ப் படிப்பு எப்படி நடத்தியது?

டவுன் ஹைஸ்கூல் நன்றாகவே நடத்தியது. 1904-ல் கணிதப் பரிசு கொடுத்த தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்கூட இந்தப் பையனுக்குப் போதாது என்ற பொருள்படப் பேசினார். அதே ஆண்டு உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிவிட்டார். விதிப்படி நடந்த கல்லூரியைக் குறை சொல்ல முடியாது என்பார்கள். சொல்லலாம் என்பது என் கட்சி.

இதே கல்லூரியில்தான் 1880 முதல் 1903 வரை உ.வே. சாமிநாதையர் தமிழ் கற்பித்தார். அங்கே முன்சீப்பாக வந்த சேலம் ராமசுவாமி முதலியார், அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்ததாகச் சொன்னவரிடம், அதற்கும் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் சீவக சிந்தாமணி 1887-ல் அச்சேறியது. உத்தியோகத்துக்கு வந்த ஒருவர் கேள்வி கேட்கிறார், வாத்தியார் கோபித்துக் கொள்ளாமல் ஏடு தேடிப் போகிறார். அந்த ஊரின் பெருமை என்று நான் நினைப்பது இதைத்தான்.

பிறகு காலம் மாறியது. பள்ளிக்கூடம் ஏழைப் பிள்ளைகளுக்கும் திறந்தது. மதியச் சாப்பாடும் வந்தது. ஆனால் கட்டடம்? 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையற்கூடத்தில் பிடித்த தீ, மாடிக் கூரைக் கீற்றுக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான மாடிப்படி. 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் பள்ளி நடத்த அனுமதித்த கையெழுத்துகளும் யாரோ போட்டவைதானே.

அதன்பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். இங்கே தில்லியில், உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. 2009 ஏப்ரல் 13-ல் வந்த தீர்ப்பு கும்பகோணத்தில்தான் தொடங்குகிறது. கல்வி பெறும் உரிமைக்குள் பத்திரமான பள்ளிக்கூடத்துக்கான உரிமையும் அடக்கம் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. என் வீட்டருகே உள்ள பள்ளியில் அந்தச் சிவப்பு சிலிண்டர் இருக்கிறது. நிரப்பிய தேதி எழுதிய சீட்டைத்தான் காணோம்.