ஓராண்டுத் தொண்டர்: விருந்தினரா, வேலையாளா?

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில், ‘அமெரிக்கோர்’ எனப்படும் தேசிய சேவைத் திட்டத்துக்கான நிதியுதவிகளில் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டது. ஓராண்டு சேவைக்கென வந்திருந்த இளையோர் பலருக்கு உடனடியாகப் பணியை நிறுத்தும்படி அறிவித்தல் போயிற்று. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள், முதியோரின் வீடுகளுக்குச் சென்றுவந்தவர்கள், நோயாளருக்கு வழிகாட்டியவர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர். இதனை எதிர்த்துப் பல மாநிலங்கள் வழக்குத் தொடர்ந்தன. அம்மாநிலங்களில் நிதியை மீள வழங்குமாறு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் பணித்தது. ஆனால், இடையில் கழிந்த வாரங்களை எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுக்கொடுக்க இயலாது.

இதைப்பற்றி எழுதியோர் பெரும்பாலும் பணத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியுமே எழுதினர். அது தேவையானதுதான். எனினும், கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களோடும் தொண்டர்களோடும் பழகியவர்களாகிய எமக்கு இன்னொரு கேள்வி எழ வேண்டும். ஒரு நிலையம், வேறொருவர் அனுப்பும் ஓராண்டுத் தொண்டரை ஏற்றுக்கொள்ளும்போது உண்மையில் எதனை ஏற்றுக்கொள்கிறது?

அமெரிக்காவின் சமூக சுகாதார நிலையங்கள் பிறந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஜக் கைகர் என்ற மருத்துவ மாணவர் 1957இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்று, ஃபொலேலா என்னுமிடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற வைத்தியத் தம்பதியர் நடத்திய நிலையத்தில் பயின்றார். நோயை மட்டுமல்ல, அந்நோயை விளைவிக்கும் பசியையும் அழுக்குத் தண்ணீரையும் வைத்தியர் கவனிக்க வேண்டும் என்பதை அங்கேதான் கண்டார். நாடு திரும்பியபின் கவுண்ட் கிப்சன் என்ற வைத்தியரோடு சேர்ந்து, 1965இல் பொஸ்டன் நகரின் கொலம்பியா பொயின்ற் குடியிருப்பில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த நிலையம் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பேயு என்ற சிற்றூரில் 1967இல் திறக்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887இல் தாமே அமைத்துக்கொண்ட ஊர் அது.

அங்கே வந்த குழந்தைகளுக்குப் பசியே நோயாக இருந்தது. வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதினார்கள். கடைக்காரர் உணவைக் கொடுத்துவிட்டுப் பணத்தை நிலையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பெற்றார். இதை அறிந்து ஆட்சேபித்த அதிகாரிகளுக்கு, போசாக்கின்மைக்கு உணவே மருந்து என்று கைகர் விடையளித்தார். இது பலரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. ஜோன் ஹச் என்ற சமூக அமைப்பாளரின் உதவியோடு அம்மக்கள் கூட்டுறவுப் பண்ணை ஒன்றை அமைத்துத் தமது உணவைத் தாமே பயிரிட்டார்கள். குத்தகைப் பயிர்ச்செய்கைக் குடும்பத்தில் பிறந்த எல்.சி. டோர்ஸி என்ற பெண் அந்தப் பண்ணையில் பணியாற்றினார். பின்னர் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அதே சுகாதார நிலையத்தின் பணிப்பாளராகவும் வந்தார். வெளியிலிருந்து வந்த வைத்தியர்கள் தம் காலம் முடியப் போனார்கள். டோர்ஸி அந்த மண்ணின் மகள்.

இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 1,400 அமைப்புகள் இத்தகைய நிலையங்களை நடத்துகின்றன. ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். ஏழைகளும், காப்புறுதி இல்லாதோரும், பண்ணைத் தொழிலாளரும் இவர்களுள் பெருந்தொகையினர்.

தேசிய சேவை இதனோடு ஏறக்குறைய உடன்பிறந்தது. வறுமை ஒழிப்புக்காக 1964இல் இயற்றப்பட்ட அதே சட்டத்தின் கீழேதான் ‘விஸ்ரா’ எனப்பட்ட உள்நாட்டுத் தொண்டர் திட்டமும் ஏற்பட்டது. 1993இன் சட்டத்தினால் அமெரிக்கோர் அமைக்கப்பட்டு, 1994இல் முதல் அணியினர் உறுதிமொழி எடுத்தனர். அடுத்த ஆண்டே, சமூக சுகாதார நிலையங்களின் தேசிய சங்கம் தன் நிலையங்களுக்கெனத் தனி அணி ஒன்றைத் தொடங்கியது. முழுநேரச் சேவை என்றால் 1,700 மணித்தியாலம். ஒரு சீவனப்படி, மருத்துவக் காப்புறுதி, சேவை முடிந்ததும் கல்விக்கென ஒரு தொகை. இவ்வளவே கிடைக்கும்.

இவர்கள் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. வீண் ஆடம்பரம் என்று எண்ணவேண்டாம். நீரிழிவு உள்ள ஒரு தாய்க்கு மருந்து எழுதப்பட்டாயிற்று. ஆனால் கிளினிக்குக்கு வரப் பேருந்து இல்லை, காப்புறுதிப் படிவம் விளங்கவில்லை, வைத்தியர் பேசும் மொழி புரியவில்லை, வீட்டில் சமைப்பது எதுவென்று எவரும் கேட்கவில்லை. இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். வைத்தியரிடம் இல்லாதது அதுதான். தொண்டர் கொண்டுவருவதும் அதுதான். இந்த வகையில் அவர்களுடைய பணியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நல்ல மனதோடு வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, ஒரு நோயாளியின் அருகில் ஒரு மணித்தியாலம் அமர்ந்திருப்பதற்கு விலை இல்லை.

சிக்கல் தொண்டரிடத்தில் இல்லை. ஏற்கும் நிலையத்திடத்தில்தான் இருக்கிறது.

தொண்டர் இலவசமாகக் கிடைக்கிறார் என்று எண்ணுவது முதற் பிழை. அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றில் ஏற்கும் நிலையமும் பணத்தில் ஒரு பங்கு போட வேண்டும். அதனிலும் பெரிய செலவு, மேற்பார்வை செய்பவரின் நேரம். முதல் இரண்டு மூன்று மாதங்கள் தொண்டர் கொடுப்பதைவிடப் பெறுவதே அதிகம். யார் எந்த வீட்டில் இருக்கிறார், யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்பதை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் ஒரு தாதியாகவே இருப்பார். அவருடைய வேலையில் எதையும் குறைக்காமல் தொண்டரையும் அவர் தலையில் வைத்தால், இருவருமே நொந்துபோவார்கள். தொண்டர் ஒரு மூலையில் கோவைகளை அடுக்கிக்கொண்டு ஆண்டைக் கழிப்பார். இதை நான் அமெரிக்காவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. எமது நிலையங்களுக்கு வந்த தொண்டர்களுக்கும் நாம் இதைச் செய்திருக்கிறோம்.

இரண்டாவது பிழை இதைவிடப் பாரதூரமானது. சம்பளத்துக்கு ஆள் நியமிக்க வேண்டிய இடத்தைத் தொண்டரைக் கொண்டு நிரப்புவது. அமெரிக்கச் சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. சேவை உறுப்பினரால் எந்த ஊழியரும் இடம்பெயர்க்கப்படக் கூடாது. பணிப்புறக்கணிப்புச் செய்வோரின் வேலையை அவரைக் கொண்டு செய்விக்கவும் கூடாது. சட்டம் நல்லதுதான். ஆனால், இருக்கும் ஊழியரை நீக்குவதை அது தடுக்கிறதேயன்றி, உருவாக்கியிருக்க வேண்டிய பதவியை உருவாக்காமல் விடுவதை அதனால் எளிதில் கண்டுபிடிக்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் புதிய தொண்டர் வருவார் என்ற நம்பிக்கையில், மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்று பத்து ஆண்டுகளாக வெறும் கோரிக்கையாகவே கிடக்கலாம்.

எமது வடபகுதியில் ‘தொண்டர்’ என்ற சொல்லுக்கே ஒரு கசப்பு ஏறியிருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். போர்க்காலத்தில் ஆளணி இல்லாத வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் சிறு கொடுப்பனவுக்கோ எதுவுமின்றியோ வேலை செய்தவர்கள் சுகாதாரத் தொண்டர், தொண்டர் ஆசிரியர் என அழைக்கப்பட்டனர். போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னும் அவர்களில் பலர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்திருந்தார்கள். நெருக்கடியின்போது அவர்களை அழைத்தவர்கள், நெருக்கடி நீங்கியதும் தகைமைச் சான்றிதழைக் கேட்டார்கள். தொண்டு என்ற பெயரில் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, உரிமை என்று வரும்போது ‘நீங்கள் தொண்டர்தானே’ என்று சொல்வது அநீதி. கத்தோலிக்க சமூகப் போதனையில் கூலி பற்றி ஒரு பக்கமாவது படித்த எவரும் இதற்கு வேறு பெயர் சொல்ல மாட்டார்.

சீவனப்படி பற்றியும் ஒரு சொல். தொண்டர் தாம் பணியாற்றும் ஏழைகளைப்போலவே வாழ வேண்டும் என்பது விஸ்ராவின் தொடக்ககால எண்ணம். படியும் வறுமைக்கோட்டை ஒட்டியே வைக்கப்பட்டது. கேட்பதற்கு நற்செய்தி போல இருக்கிறது. துறவறத்தாரும் வறுமை வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். ஆனால் துறவிக்குப் பின்னால் ஒரு சபை இருக்கிறது; நோயுற்றால் பார்க்க ஆள் உண்டு, முதுமையில் இருக்க இடம் உண்டு. பெற்றோரிடம் பணமில்லாத ஓர் இளைஞனுக்கு அந்தப் பின்பலம் இல்லை. இதன் விளைவு என்ன? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே சேவைக்கு வர இயலும். அந்த நிலையத்தின் சுற்றயலிலேயே வளர்ந்த, அம்மக்களின் மொழியைப் பேசும் பிள்ளை வாடகை கட்ட வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அடுத்த டோர்ஸி வரவேண்டிய வாசலை நாமே ஒடுக்கிவிடுகிறோம்.

குருவானவர்கள் பலருக்கு இடறலாக இருக்கும் இன்னொரு விதியும் அங்கே உண்டு. சேவை நேரத்தில் உறுப்பினர் மறைக்கல்வி கற்பிக்கவோ, வழிபாடு நடத்தவோ, மதமாற்றத்துக்கு முயலவோ கூடாது. கோயில் நடத்தும் நிலையமானாலும் இதே விதிதான். எனக்கு இதில் மனக்குறை இல்லை. நோயுற்றுக் கிடப்பவரிடம் வேதம் பேசுவது எளிது. அவர் மறுக்கும் நிலையில் இல்லை என்பதாலேயே அது தகாதது.

பாப்பரசர் ஆறாம் பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், பிற இடங்களுக்கு உதவச் செல்வோர் அதிகாரிகளைப்போலன்றி உதவியாளராகவும் உடன் உழைப்பவராகவும் இருக்க வேண்டும் என்றார். இது செல்பவர்களுக்குச் சொன்னது. ஏற்பவர்களும் இதனைத் தமக்கெனப் படிக்கலாம். உடன் உழைப்பவரை வரவேற்பதற்கு, உழைக்கும் ஒருவர் அங்கே முன்னரே இருக்க வேண்டும் அல்லவா?

இலங்கையில் எமக்கு இருக்கும் பெரும் பேறு குடும்பநல உத்தியோகத்தர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்துவந்த அமைப்பின் பலன் அவர். தன் பிரிவிலுள்ள கர்ப்பிணிகளின் பதிவேடு அவர் கையில் இருக்கும்; அவர் தெருவில் வந்தால் குழந்தைகள் ஊசிக்குப் பயந்து ஒளிவார்கள். அமெரிக்க நிலையத்தில் தொண்டர் ஓராண்டு செய்யும் வீட்டுத் தரிசிப்பை இவர் நிரந்தர உத்தியோகமாகச் செய்கிறார். பொருளாதார நெருக்கடியின் பின் வெற்றிடங்கள் நிரப்பப்படாத பிரிவுகளுக்கு, இளையோரைத் தொண்டராக அனுப்பலாம் என்று எமது பங்குகளிலும் இளைஞர் ஒன்றியங்களிலும் யாராவது சொல்லக்கூடும். அனுப்பலாம். அந்த உத்தியோகத்தரின் பக்கத்தில் நின்று முதியோரைக் கூட்டிவரவும், படிவம் நிரப்பவும், வீட்டுத் தோட்டம் போடவும் அனுப்பலாம். அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக அனுப்பக் கூடாது. வெற்றிடத்தைத் தொண்டரால் மூடினால், வெற்றிடம் இருப்பதே பிரதேச செயலகத்திலிருந்து கொழும்பு வரை எவருடைய கண்ணிலும் படாது.

அமெரிக்க நிலையங்களிடமிருந்து நாம் இரவல் பெற வேண்டியது ஒன்று உண்டு. நிலையத்தின் ஆளுகைச் சபையில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெறுவோராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தொண்டரைக் கேட்டு விண்ணப்பிப்பதற்கு முன், அப்படியொரு கூட்டத்தில் அதை வைத்துப் பேசினால் என்ன? பங்கு மண்டபத்தில், பாய் விரித்து, கிளினிக்குக்கு வரும் தாய்மாரையும் வயோதிபரையும் இருத்திக் கேட்கலாம். அவர்கள் மேற்பார்வை, இடம்பெயர்ப்பு என்ற சொற்களைச் சொல்ல மாட்டார்கள். ‘இந்தப் பிள்ளை போனபிறகு எங்களை ஆர் கூட்டிக்கொண்டு போறது, ஃபாதர்?’ என்று கேட்பார்கள். அதற்கு எம்மிடம் பெயரோடு ஒரு பதில் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்புவோம்.