புதுக் கம்ப்யூட்டர் ஏன் திக்குகிறது?

காலேஜில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு புதுப் புலம்பல் கேட்கிறது. "அம்மா, எப்.பி.எஸ். வரவே மாட்டேன் என்கிறது!" என்கிறான் பிள்ளை. எப்.பி.எஸ். என்பது ஏதோ பஸ் கம்பெனி, வண்டி இன்னும் வரவில்லை போலும் என்று எண்ணிக் கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பி விடாதீர்கள், சகோதரிகளே! அந்த மூன்றெழுத்தில் உங்கள் சீட்டுப் பணம் அல்லவா சிக்கிக் கொண்டிருக்கிறது?

விஷயம் இதுதான். சினிமாத் திரையில் ஓடுவதாக நமக்குத் தோன்றுவதெல்லாம் அசையாத படங்கள்தாம். வேகமாக ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டினால் கண் ஏமாந்து போகிறது. 1895-ல் பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்கள் நொடிக்குச் சுமார் 16 படம் வீதம் ஓட்டிக் காட்டினார்கள். பேசும் படம் வந்த பிறகு அது 24 என்று நிலைத்து விட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இதே கதைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். சினிமாப் படங்கள் முன்கூட்டியே எடுத்துச் சுருட்டி வைத்தவை. விளையாட்டிலோ, பிள்ளை பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த படத்தை மெஷின் வரையவே ஆரம்பிக்கிறது! நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால், ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு படத்தை வரைந்து முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் திரை திக்குகிறது. நொடிக்கு எத்தனை படம் என்கிற கணக்குக்குத்தான் எப்.பி.எஸ். என்று பெயர். வரைகிற வேலைக்கென்றே பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்கென்று வாங்கும் மெஷினில் பணத்தின் பெரும்பங்கை விழுங்குவது அதுவே.

புதுவை மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. கணவருக்கு ஷிப்ட் வேலை. பிள்ளை கட்டடக் கலை படிக்கிறான்; பகலில் வீட்டுப் படம் வரைவதற்கும், இரவில் (சொல்லாமலே தெரியுமே!) விளையாடுவதற்கும் அவனுக்கு ஒரு நல்ல மெஷின் வாங்கித் தந்தார்கள். எல்லாம் அந்த அம்மாள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். வந்த அன்றே திக்கல் ஆரம்பித்து விட்டது. கடைக்காரரைக் கேட்டால், "கார்டு போதாது, இதைவிடப் பெரிசு போட வேண்டும்" என்றார். அடுத்த சீட்டைத் தள்ளி எடுத்து விடலாமா என்று அம்மாள் யோசித்தார். தள்ளி எடுத்தால் எவ்வளவு கையை விட்டுப் போகும் என்று சீட்டுக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவர் ஒன்றும் சொல்லாமல் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பி விட்டார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மூன்றாம் நாள் மேஜைக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கப் போன அம்மாள் கேட்டார்: "ஏண்டா, டி.வி. கேபிள் மாதிரி இருக்கிறதே, அது மேலே சொருகியிருக்கிறது. கீழே அதே மாதிரி நாலு துவாரம் மூடி போட்டபடி இருக்கிறதே, அதெல்லாம் யாருக்கு?"

பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. கறுப்பு மூடியைக் கழற்றிக் கேபிளைக் கீழே மாற்றினான். விளையாட்டு வழுக்கிக் கொண்டு ஓடிற்று.

நடந்தது என்னவென்றால், இக்காலத்துப் பிராஸஸர்கள் பலவற்றில் சிறியதாகப் படம் வரையும் சக்தி ஒன்று கூடவே பிறந்திருக்கிறது. மேலே, கீபோர்டு, மவுஸ் எல்லாம் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள துவாரம் அதனுடையது. கீழே படுக்கை வசத்தில் வரிசையாக இருப்பவைதாம் கார்டினுடையவை. கல்யாணத்துக்குப் பெரிய சமையற்காரரை அமர்த்தி விட்டு, இலையை எடுபிடிப் பையன் முன்னால் போட்ட மாதிரி! இதில் ஆபத்து என்னவென்றால், மேலே சொருகினாலும் படம் வரத்தான் செய்கிறது. ஒன்றுமே வராமல் இருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பெட்டியின் பின்பக்கம் பெண்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்னணு ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் யார் என்று கேளுங்கள், ஆயிரக்கணக்கில் பெண்கள்! புதுவையும் கம்ப்யூட்டர் செய்கிற ஊர்தான். லெனோவோ கம்பெனி தன் புதுவை ஆலையில் ஆண்டுக்கு 50,000 சர்வர்கள் செய்யப் போவதாக 2024-ல் அறிவித்தது.

சரி, கேபிள் சரியாக இருந்தும் திக்கினால்? கார்டு சும்மா இருக்கிறதா, மூச்சு முட்ட உழைக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விளையாட்டு ஓடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். வருகிற பட்டியலில் ஜி.பி.யு. என்ற இடத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். தொண்ணூற்றைந்துக்கு மேல் நின்றால் கார்டு பாவம், முழு மூச்சாக உழைக்கிறது. படத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும். 4கே என்கிற படத்தில் சாதாரண 1080 படத்தைப் போல நாலு மடங்கு புள்ளிகள். அத்தனையையும் நொடிக்கு அறுபது தரம் வரை என்றால் அது என்ன செய்யும்?

கார்டு பாதி தூங்குகிறதென்றால் குற்றம் வேறிடத்தில். நொடிக்கு 144 தடவை படம் மாற்றும் மானிட்டரை வாங்கி விட்டு, விண்டோஸில் அதை 60-லேயே விட்டு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ரேம் என்கிற நினைவுப் பலகையும் அப்படித்தான். அட்டையில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், பயாஸ் என்னும் ஆரம்ப அமைப்பில் அதற்குரிய அனுமதியைத் திறந்து விடாத வரையில் குறைந்த வேகத்திலேயே ஓடும். ஒரே பலகையாக இருப்பதைக் காட்டிலும் இரண்டாக இருந்தால் நல்லது. லாப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகாமல் விளையாடவே வேண்டாம். பாட்டரியில் அது தானாகவே சக்தியைச் சுருக்கிக் கொள்ளும்.

கடைசியாக, நம் ஊர் வெயில். பிராஸஸரின் சூடு நூறு டிகிரியை நெருங்கினால், எரிந்து போகாமல் தன்னைக் காத்துக் கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்து விடும். முதல் ஐந்து நிமிஷம் ஜோராக ஓடிப் பிறகு திக்குகிறதென்றால் இதுதான் காரணமாக இருக்கும். புது மெஷினில் சூட்டை உறிஞ்சும் பாகத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டி விடுவதும் உண்டு. அது கடைக்காரர் கழற்றிப் பார்க்க வேண்டிய சமாசாரம். உத்தரவாதக் காலத்தில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்களால் ஆனது ஒன்று உண்டு. தூசி படாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குப் பூத்தையல் போட்ட அழகான உறை தைத்துப் போட்டிருக்கிறீர்களே, மெஷின் ஓடும்போது அதை எடுத்து மடித்து வைத்து விடுங்கள்.