மோட்டாரின் தாகம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் ராஜபாட்டையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது ஆரம்பாக்கம். சில தினங்களுக்கு முன் இன்டேக் கேஸ்கட்டை மாற்றிய நேயர் ஒருவர் அங்கே காரை நிறுத்திப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலண்ட் குறைந்திருக்கிறது! உடனே மெக்கானிக்கின் மேல் கோபம் வருவது சகஜந்தான். ஆனால், தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டாமா?

முதலில் என்ஜின் நன்றாக ஆறட்டும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருந்து, மூடியைத் திறந்த கணமே முகத்தில் பாயும். பழுது பார்க்கையில் உள்ளே புகுந்த காற்று வெளியேறுவதாலும் மட்டம் சிறிது இறங்குவதுண்டு. ஆகவே நிரப்பிவிட்டுக் கவனியுங்கள். மீண்டும் இறங்கினால், கழற்றி மாட்டிய ஹோஸ்களையும் கிளிப்புகளையும் தடவிப் பாருங்கள். பிறகு மெக்கானிக் கைப்பம்பினால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கட்டும். நீர் கீழ்நோக்கி வழிவதால், நனைந்த இடங்களுள் உயரமானதே பெரும்பாலும் ஒழுக்கின் மூலஸ்தானம்.

வெளியே எங்கும் ஈரமில்லையா? அப்போதுதான் அச்சப்படவேண்டும். சில என்ஜின்களில் இன்டேக்கின் வழியாகவே கூலண்ட் ஓடுகிறது. கேஸ்கட் சரியாக அமராவிட்டால் அது உட்புறம் இறங்கும். ஆயில் பால் கலந்த காப்பியைப் போலாகும்; அல்லது, சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நில்லாது. அந்நிலையில் ஓட்டினால் பேரிங்குகள் நாசமாகும்.

எல்லையைத் தாண்டும் ஆசையை அன்று விட்டுவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத் திரும்புவதே உத்தமம். கேஸ்கட்டின் விலை சொற்பம். என்ஜினின் விலை அப்படியல்ல!