கும்டாவும் கும்பகர்ணனும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம். ஆனாலும் இதை எழுதாம இருக்க முடியலை.

மெட்ரோ வந்தா சென்னையில் எல்லாம் சரியாயிடும்னு நம்புற நண்பர்களே, ஒரு கேள்வி. 2023 டிசம்பர் 30 அன்னிக்கு கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தாங்க. எதிர்த்தாப்புல ஜி.எஸ்.டி. ரோடு. அதைத் தாண்டினா ரயில் தண்டவாளம். ஆனா அப்போ இறங்குறதுக்கு அங்கே ஸ்டேஷன் இருக்கலை! மெட்ரோவோ ஏர்போர்ட்டோட நின்னு போச்சு. பெட்டியும் குழந்தையுமா வந்தவங்க வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி அல்லாடினாங்க. திட்டம் போட்டவங்களுக்கு ரயில் போற சத்தம் கூடவா கேட்கலை?

இது ஒரு துறையோட தப்பு மட்டும் இல்லைங்க. முனையம் கட்டினது சி.எம்.டி.ஏ. டவுன் பஸ் எம்.டி.சி. ரயில் டெல்லி கையில். மெட்ரோவுக்குத் தனி கம்பெனி. ரோடு பாதி நெடுஞ்சாலைத்துறை, பாதி மாநகராட்சி. ஆளுக்கொரு பட்ஜெட், ஆளுக்கொரு மேப்.

இவங்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் 2010ல் கும்டா சட்டம் போட்டாங்க. போட்டதோட சரி. முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022ல்! கும்பகர்ணன் கூட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எழுந்து சாப்பிடுவான். ரெண்டு கழகமும் மாறி மாறி தாலாட்டு பாடியிருக்காங்க.

அந்த தூக்கத்துக்குள்ள என்னெல்லாம் முடிஞ்சு போச்சு பாருங்க. 2015ல் மெட்ரோ ஓட ஆரம்பிச்சாச்சு. 2020ல் ரெண்டாம் கட்டத்துக்கு அடிக்கல். கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர், 63,246 கோடி. அதுக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததோ 2024 அக்டோபரில். அதுவரை மாநிலம்தான் வெளிநாட்டுக் கடனோட சுமந்தது. தாலி கட்டி முடிச்சப்புறம் ஜாதகம் பார்த்த கதை!

லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் 2008ல் என்ன பண்ணினான்? விற்பனை வரியில் கூடுதலா அரை சதவீதம், 30 வருஷத்துக்கு. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவுன்னு பட்டியல் போட்டு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டான். மூணில் ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டாங்க. முக்கியமான விஷயம், அதில் 20 சதவீதம் பஸ் ஓட்ட மட்டும். கார் ஊர்லயே பஸ்ஸுக்குத் தனிப் பங்கு!

நம்ம ஊர்ல வரி போடுன்னு சொல்லலை. திட்டம் போடுறவன் கையில் பணமும் இருக்கணும், அதில் பஸ்ஸுக்கு எவ்வளவுன்னு முதல்லயே எழுதி வைக்கணும்னுதான் சொல்றேன். காசில்லாத கும்டா எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும் அது வெறும் பவர்பாயிண்ட்தான்.

டிஸ்கி: மெட்ரோவுக்கு நான் எதிரி இல்லை. ஸ்டேஷன்ல இறங்கினதும் வீட்டுக்குப் போக பஸ் வேணும், அவ்வளவுதான்.