பந்து இருக்கிறது, மைதானம் எங்கே?

தோழர்களே, கல்லூரிக் கால்பந்து சீசன் தொடங்கினால் அணியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். எந்த ஊரிலிருந்து ஒருவருமே வரவில்லை என்று பார்ப்பதில்லை.

ஐ.எம். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற சிறுவன். ஆட ஒரு மைதானம் கிடைத்தது. இந்திய அணிக்கே கேப்டனானார்.

தேர்வாய் கண்டிகை, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அங்கே சுமார் 1,127 ஏக்கர் மேய்க்கால் காடு சிப்காட் ஆனது. மிஷ்லின் டயர் ஆலை வந்தது. மாடுகளுக்கு மேய்ச்சல் போனதைப் பேசினோம். பொது நிலம் போனால் பிள்ளைகள் ஓடியாடும் இடமும் போகும் என்பதைப் பேசவில்லை.

‘திறமை போதாது’ என்று அடுத்த தேர்வில் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: எங்கள் சேரிக்கு மைதானம் எங்கே? சிப்காட்டிடமும் கேளுங்கள்: வேலி போட்ட இத்தனை ஏக்கரில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கிடையாதா?

பந்தைக் காசு போட்டு வாங்கிவிடலாம். நிலத்தைப் போராடித்தான் வாங்க வேண்டும்.